வள்ளிக்குத் தெரியாதது, பவளக்கொடிக்குத் தெரியாதது

அப்போது எனக்கு ஆறு வயது. ஜொகூரில் குளுவாங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் மாரியம்மன் திருவிழாவின் கடைசி இரவு. கோயிலுக்கு எதிரே பலகை அடித்த மேடை, இரண்டு கேஸ் விளக்குகள், ஓரத்தில் ஆர்மோனியப் பெட்டி. ‘வள்ளி திருமணம்’ நாடகம். வள்ளி பரண்மேல் நின்று கிளி ஓட்டிக்கொண்டிருந்தாள். வில்லும் கையுமாக ஒரு வேடன் வந்தான். அம்பு பட்ட மான் இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்டான். வள்ளி அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. வந்த வழியே போகச் சொன்னாள். பாயில் முன்வரிசையில் இருந்த எங்களுக்குப் பொறுக்கவில்லை. “வள்ளியக்கா, அது வேடன் இல்ல! முருகன்!” என்று கத்தினேன். பக்கத்தில் இருந்த பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். வள்ளியாக நின்றவர் எங்கள் லயத்தில் நாலாவது வீட்டு அண்ணன். நாங்கள் போட்ட கூச்சல் அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. விழாதவர்போலவே கவண்கல்லைச் சுழற்றினார்.

அடுத்த வருடம் அதே மேடையில் ‘பவளக்கொடி’ போட்டார்கள். போன வருடம் முருகனாக வந்தவர் இந்த முறை அருச்சுனன். வள்ளியாக வந்த அண்ணனே பவளக்கொடி. இங்கும் ஓர் அந்நிய ஆண் ஒரு பெண்ணின் இடத்துக்குள் நுழைகிறான், இங்கும் அவள் எதிர்த்துப் பேசுகிறாள், இங்கும் பாட்டுக்குப் பாட்டு தர்க்கம் நடக்கிறது. ஆனால் பாயில் இருந்த பிள்ளைகள் யாரும் கத்தவில்லை. பெண்கள் பக்கம் மட்டும் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கல்யாணக் காட்சி வந்ததும் என் பாட்டி வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அங்கே ஏன் கத்தினோம், இங்கே ஏன் வாயடைத்துப் போனோம்? வயதான பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. விடை தேடிப் போனால் அது நாடகக் கலையில் தொடங்கி, மனித மூளையின் ஒரு விந்தையில் போய் நிற்கிறது.

இரண்டு நாடகங்களையும் எழுதியவர் ஒருவரே. தூத்துக்குடிக்கு அருகில் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்து 1922இல் புதுச்சேரியில் மறைந்த தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தவர். முதலில் நடிகராக இருந்தார். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் போன்ற முரட்டு வேடங்களில் பேர் வாங்கினார். பிறகு நடிப்பை விட்டு எழுத்துக்கும் பயிற்றுவிப்புக்கும் போனார். நாற்பதுக்கு மேற்பட்ட நாடகங்கள் அவர் கையிலிருந்து வந்தன. ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’டைக்கூடத் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறார். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று இன்றும் அவரைச் சொல்கிறார்கள். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதியில் குருபூசை நடக்கிறது.

இரண்டு கதைகளும் அவர் கற்பித்தவை அல்ல. வள்ளியின் கதை மிகப் பழையது. நற்றிணையிலேயே அவள் முருகனோடு சேர்த்துப் பேசப்படுகிறாள். கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணம் அவள் திருமணத்தோடு முடிகிறது. பவளக்கொடி கற்றறிந்தோர் ஏடுகளில் வளர்ந்தவள் அல்ல. பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களில், புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் மாலைப் பாட்டுகளில், கிராமத்துத் திண்ணைகளில் வளர்ந்தவள். வியாசர் அறியாத மனைவியர் பலரை அருச்சுனனுக்குத் தமிழ்நாட்டு மக்கள் கொடுத்தார்கள். மதுரையை ஆண்ட அல்லி அரசாணி ஒருத்தி, பவளக்காட்டுப் பவளக்கொடி இன்னொருத்தி.

கதை இதுதான். அல்லிக்கும் அருச்சுனனுக்கும் பிறந்த பிள்ளை புலந்திரன் பவளத்தால் ஆன தேர் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். தகப்பன் கடல் கடந்து பவளம் தேடிப் போகிறான். போன இடத்தில் பவளக்கொடியைக் கண்டு மயங்கி, கண்ணன் துணையோடு அவளை மணக்கிறான். செய்தி அல்லிக்கு எட்டுகிறது.

இனி என் கேள்விக்கு வருகிறேன்.

1983இல் ஹைன்ஸ் விம்மர், யோசஃப் பெர்னர் என்ற இரண்டு ஆஸ்திரிய உளவியலாளர்கள் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். மாக்சி என்ற பையன் ஓர் அலமாரியில் சாக்லேட்டை வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாத நேரத்தில் அம்மா அதை எடுத்து வேறு அலமாரியில் வைத்துவிடுகிறாள். திரும்பி வரும் மாக்சி எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் சாக்லேட் இப்போது இருக்கும் அலமாரியைக் காட்டுகிறார்கள். தங்களுக்குத் தெரிந்தது மாக்சிக்கும் தெரியும் என்று நினைக்கிறார்கள். நாலைந்து வயதுக்கு மேல் விடை மாறுகிறது. ‘அவனுக்குத் தெரியாதே, பழைய இடத்தில்தான் தேடுவான்’ என்கிறார்கள். இன்னொருவர் தலைக்குள் இருக்கும் உலகம் என் தலைக்குள் இருக்கும் உலகத்திலிருந்து வேறானது, அது தவறாகவும் இருக்கலாம் என்ற அறிவு மனிதக் குழந்தைக்குள் முளைக்கிற காலம் அது. இன்னும் ஓர் அடுக்கு ஏறி, அவன் நினைப்பதைப் பற்றி இவள் என்ன நினைக்கிறாள் என்று கணக்கிட ஆறேழு வயது ஆகிறது.

பாயில் உட்கார்ந்து நான் கத்தினேனே, அது இந்த அறிவின் கூச்சல். வள்ளிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அந்த இடைவெளியைப் பார்த்துவிட்ட குழந்தையால் சும்மா இருக்க முடியாது. ஓர் ஊரே தன் பிள்ளைகளை அந்த வயதில் முன்வரிசையில் உட்காரவைத்து வள்ளியைக் காட்டியது. இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ராபின் டன்பார் இந்த அடுக்குகளை எண்ணிப் பார்த்தவர். சாதாரணமாக வளர்ந்த மனிதர் ஒருவர் ஐந்து மன அடுக்குகள் வரை சிக்கலில்லாமல் பின்தொடர முடியும், அதற்குமேல் தலை சுற்றிவிடும் என்பது அவர் கண்டது. வேடன் வரும் காட்சியை எண்ணிப் பாருங்கள். தன் உள்ளம் யாரை நாடுகிறது என்பது இந்த வேடனுக்குத் தெரியாது என்று வள்ளி நம்பவேண்டும் என முருகன் விரும்புகிறான்; இதை நாம் அறிகிறோம். நாம், முருகன், வள்ளி, வேடன், மறுபடியும் வள்ளியின் உள்ளம் என்று ஐந்து அடுக்கு ஆகிவிட்டது. காலையில் நான்கு மணிக்கு எழுந்து நாள் முழுக்க உழைத்த மனிதர்கள் நள்ளிரவில் இந்த ஐந்து அடுக்கிலும் சளைக்காமல் ஏறி இறங்கினார்கள். யாரும் அவர்களுக்குப் பாடம் நடத்தவில்லை.

சுவாமிகளின் கைத்திறன் இந்த இடைவெளியை அவர் நீட்டிக்கிற விதத்தில் தெரிகிறது. வள்ளி மனத்தால் முருகனை வரித்தவள். அதனால் வேடனுக்கு அவள் சொல்லும் ஒவ்வொரு ‘மாட்டேன்’னும் முருகனுக்குச் சொல்லும் ‘ஆகட்டும்’. எதிரே நிற்கிற வேடனே முருகன். அவள் எவ்வளவு கடுமையாகத் திட்டுகிறாளோ அவ்வளவு அவன் உள்ளே மகிழ்கிறான், அதைக் கண்டு நாமும் மகிழ்கிறோம். மறுப்பு யாரையும் புண்படுத்தாத ஒரே தர்க்கம் இது. ஆகவே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நீட்டலாம். நல்ல தொண்டை வாய்த்த இருவர் சேர்ந்துவிட்டால் இரண்டு மணி நேரம்கூடப் போகும். மான் என்ற ஒரு சொல்லை விலங்குக்கும் பெண்ணுக்கும் பொதுவாக்கி அந்த வேடன் ஆடுகிற ஆட்டம் வெறும் சொல் விளையாட்டும் அல்ல. புராணப்படி வள்ளி மான் வயிற்றில் பிறந்து, வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்து, நம்பிராசன் கையில் வளர்ந்தவள். தொலைந்த மானைத் தேடி வந்ததாக வேடன் சொல்லும் பொய்க்குள் உண்மை ஒளிந்திருக்கிறது.

இந்த நாடகத்தில் எனக்கு ஒப்பாத இடம் ஒன்று உண்டு. முருகன் கிழவனாக வந்து தேனும் தினைமாவும் தின்று, விக்கல் எடுத்து, கடைசியில் தன் அண்ணன் பிள்ளையாரை யானையாக வரவழைத்து அவளை அச்சுறுத்துகிறான். பயந்த பெண் கட்டிக்கொள்வது சம்மதம் ஆகாது. இதை மேடையும் உணர்ந்திருக்க வேண்டும். யானைக் காட்சியைச் சீக்கிரம் முடித்துவிடுவார்கள். இரவின் பெரும்பகுதி வேடனுடனான தர்க்கத்துக்கே. வள்ளி தன் வாயால் பேசி நிற்கிற பகுதி அது. மக்கள் விரும்பிக் கேட்டதும் அதுதான்.

பேச்சு நீள நீள இன்னொரு வியப்பு எழுகிறது. இந்த நாடகங்களுக்கு ஒத்திகை கிடையாது. தமிழ்நாட்டில் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று சொல்லும் முறையில் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார், ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் பபூனும் வேறு வேறு ஊர்கள். மேடைக்குப் பின்னால் பவுடர் பூசும்போதுதான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை ஆடுவார்கள். இயக்குநர் என்று ஒருவரும் இல்லை. எப்படி முடிகிறது?

பாடம் எல்லோருக்கும் பொது. அந்தப் பாடம் எதுகையாலும் மோனையாலும் மெட்டாலும் கட்டப்பட்டது. அமெரிக்க உளவியலாளர் டேவிட் ரூபின் வாய்மொழி மரபுகளின் நினைவாற்றலை ஆராய்ந்து 1995இல் ஒரு நூல் எழுதினார். அவர் சொல்வதை நம் சொற்களால் விளக்கலாம். ஒரு பறவையின் பெயர் சொல்லுங்கள் என்றால் காகம், மயில், கொக்கு என்று ஆளுக்கு ஒன்று சொல்வோம். ‘துளி’க்கு எதுகையாக ஒரு சொல் என்றால் ஒளி, புளி, களி என்று போகும். துளிக்கு எதுகையான பறவை என்று கேட்டுப் பாருங்கள். எல்லோரும் ‘கிளி’ என்போம். பொருள் ஒரு பக்கம் நெருக்குகிறது, ஓசை மறுபக்கம் நெருக்குகிறது. நடுவில் ஒரே ஒரு சொல்லுக்குத்தான் இடம். யாப்பு என்ற சொல்லுக்கே கட்டுதல் என்றுதான் பொருள். அது சொல்லை அடுத்த சொல்லோடு மட்டும் கட்டவில்லை. முன்பின் அறியாத இரண்டு நடிகர்களையும் கட்டிப்போடுகிறது. அவர் விட்ட இடத்தில் இவர் எடுக்கலாம், மறந்தாலும் மெட்டு நினைவூட்டும்.

எங்கள் தோட்டத்து நடிகர்கள் யாரும் அந்தத் தொழிலில் இருந்தவர்கள் அல்ல. பகலில் பால்மரம் வெட்டியவர்கள், ஒட்டுப்பால் பொறுக்கியவர்கள், பால் கொட்டாயில் நின்றவர்கள். மலாயாவுக்குத் தமிழ் நாடகக் குழுக்கள் கப்பலில் வந்து போயின. 1909இல் ஜொகூர் வழியாக இரயில் ஓடத் தொடங்கியது. 1924இல் சிங்கப்பூரோடு இணைக்கும் பாலம் திறந்தது. பட்டணத்தில் இறங்கிய பாட்டுகள் இரயில் ஏறித் தோட்டங்களுக்கு வந்தன. ‘வள்ளி திருமணம்’ 1933இல் பேசும் படமாக வந்தது, டி.பி. ராஜலட்சுமி நடித்தார். அடுத்த வருடமே ‘பவளக்கொடி’ வந்தது. கே. சுப்பிரமணியம் இயக்கிய முதல் படம் அது; எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் அதில்தான் திரைக்கு அறிமுகமானார்கள். ஏறத்தாழ ஐம்பது பாட்டுகள். இசைத்தட்டும் பாட்டுப் புத்தகமும் இருந்தால் தோட்டத்துக்காரர்கள் நாடகம் போட்டுவிடுவார்கள்.

விடிய விடிய நாடகம் என்பதற்கு மட்டும் தோட்டத்தில் ஒரு தடை இருந்தது. ரப்பர் மரத்தின் பட்டைக்குள் பால் ஓடும் குழல்களில் அழுத்தம் விடியலுக்கு முன்னால்தான் மிக அதிகம். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கினால் அழுத்தம் குறையும், பால் குறையும். ஆகவே பெரட்டு என்ற காலை ஆள் கணக்கெடுப்பு இருட்டிலேயே நடக்கும். முருகனும் வள்ளியும் மாலை மாற்ற வேண்டிய நேரத்தில் முருகன் கையில் உளியோடு மரத்தடியில் நிற்க வேண்டும். மறுநாள் வேலை இல்லாத இரவில்தான் முழு நாடகம் நடந்தது. மற்ற நாட்களில் தர்க்கத்தை மட்டும் ஆடி முடித்துவிடுவார்கள்.

இப்போது பவளத்துக்கு வருவோம். ஜொகூரின் கிழக்குக் கரையில் மெர்சிங் படகுத்துறையில் நின்றால் எதிரே தீவுகள் தெரியும். ராவா, பெசார், திங்கி, சிபு; இன்னும் தொலைவில் அவுர், பெமாங்கில். சுற்றிலும் பவளப்பாறைகள். சில வருடங்களுக்கு முன்பு அங்கே கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் முகம் வைத்துப் பார்த்தேன். கிளை விட்டவை, மான்கொம்பு போன்றவை, மூளை மடிப்பு போன்றவை. சின்ன வயதில் கேட்ட ‘பவளக்காடு’ என்ற சொல் அப்போதுதான் எனக்குக் கண்ணால் தெரியவந்தது.

ஆனால் புலந்திரன் கேட்ட தேர் இந்தப் பவளத்தால் ஆனதல்ல. நகையில் பதிக்கும் செம்பவளம் வேறு இனம். வெயில் எட்டாத ஆழத்தில், பாறை இடுக்குகளில் மெல்ல வளர்வது. அது மத்தியதரைக் கடலின் சொத்து. தமிழ்க் கரையில் முத்து குவிந்தது, செம்பவளம் கிடைக்கவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு முசிறிக்கு வந்த கப்பல்களின் சரக்குப் பட்டியலில் பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழி நூல் பவளத்தைச் சேர்க்கிறது. உரோமர் முத்தை மதிப்பதுபோல் இந்தியர் பவளத்தை மதிக்கிறார்கள் என்று உரோம எழுத்தாளர் பிளினி எழுதினார். குழந்தை கேட்டது வீட்டுக்குப் பக்கத்தில் கிடைக்காத பொருள். கடல் கடந்தே தீர வேண்டும். திண்ணைக் கதைக்குள் பழைய கடல் வாணிகத்தின் உப்பு கரித்துக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பவளக்கொடி என்ற பெயரிலேயே ஒரு வேடம் இருக்கிறது. பவளம் கொடியும் அல்ல, செடியும் அல்ல. ஆனால் உலகம் முழுக்க வெகுகாலம் அதைத் தாவரம் என்றே நம்பியது. 1706இல் மார்சிக்லி என்ற இத்தாலியர் கடலிலிருந்து எடுத்த செம்பவளக் கிளையைத் தண்ணீரிலேயே வைத்துப் பார்த்தார். அதன்மேல் வெள்ளையாக எட்டிதழ்ப் பூக்கள் விரிந்தன. பூ பூக்கிறது, ஆகவே செடிதான் என்று முடிவு கட்டினார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் பெய்சொனெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் அதே பூக்களை உற்றுப் பார்த்து, இவை இதழ்கள் அல்ல, இரை தேடும் சின்னஞ்சிறு உயிர்களின் கைகள் என்றார். பாரிசில் பெரியவர்கள் அதை ஏற்கவில்லை. ஏற்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின. நம்பிராசன் வந்தபோது முருகன் வேங்கை மரமாக நின்றான் என்கிறது புராணம். கடலுக்கடியில் ஒரு விலங்குக் கூட்டம் மரமாக நின்று மனிதரை ஏய்த்தது. எது மரம், எது உயிர், யார் வேடன், யார் காதலன் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடாத உலகத்தில்தான் இரண்டு பெண்களும் நின்றிருந்தார்கள்.

பவளக்கொடிக்கும் தெரியாது; நமக்குத் தெரியும். கருவி அதேதான். ஆனால் நமக்குத் தெரிந்தது இந்த முறை வேறு. வந்தவன் அருச்சுனன், வீரன், அழகன். அதில் பொய் இல்லை. ஆனால் மதுரையில் அல்லி இருக்கிறாள், பவளத்துக்காகக் காத்திருக்கும் பிள்ளை இருக்கிறான். வள்ளியிடம் பொய்யான முகத்தோடு உண்மையான காதல் வந்தது. பவளக்கொடியிடம் உண்மையான முகத்துக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. அங்கே ரகசியம் உடைந்தால் கல்யாணம். இங்கே உடைந்தால் போர். பாயில் இருந்த பிள்ளைகள் என்னவென்று கத்துவோம்? ‘அக்கா, அவருக்குக் கல்யாணம் ஆயிருச்சு’ என்று கத்த எந்தக் குழந்தைக்கும் வாய் வராது. அது பெரியவர்களின் அறிவு. அதனால்தான் முணுமுணுப்பு பெண்கள் பக்கம் எழுந்தது.

தர்க்கத்தின் கணக்கும் இங்கே தலைகீழ். அருச்சுனன் பாடும் ஒவ்வொரு இனிய அடியும் அல்லியிடம் வாங்கிய கடன். நேரம் ஆக ஆக வட்டி ஏறுகிறது. எனவே சுவாமிகள் இந்த நாடகத்தைக் கல்யாணத்தோடு முடிக்க முடியாது. வள்ளியில் மாலை விழுந்ததும் இடைவெளி மூடிவிடுகிறது, எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போகலாம். பவளக்கொடியில் மாலை விழுந்த பிறகும் ஒருத்தி மிச்சம் இருக்கிறாள். அவள் வந்து பேசியாக வேண்டும், கண்ணன் நடுவில் புகுந்து ஆற்றியாக வேண்டும். கடல் கடந்த காதலுக்கு இரண்டு கரையிலும் கணக்கு உண்டு என்பதை நாடகத்தின் நீளமே சொல்லிவிடுகிறது.

பாட்டில் வள்ளி திருமணத்துக்கு ஈடு இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாடகம் என்று எடைபோட்டால் என் தட்டு பவளக்கொடி பக்கமே தாழ்கிறது. காதல் இருவர் விவகாரம் என்று வள்ளி சொல்கிறது. மூன்றாவது ஆளுக்கும் வாய் கொடுத்தது பவளக்கொடி.

தொல்காப்பியம் காதலை நிலத்தோடு கட்டியது. மலைக்குப் புணர்தல், கடற்கரைக்கு இரங்கல், வயலூருக்கு ஊடல். வள்ளியின் தினைப்புனம் முழுக்க முழுக்கக் குறிஞ்சி. அவள் இரவு முழுவதும் ஒரே நிலத்தில் நிற்கிறாள். பவளக்கொடி நாடகம் அப்படி நிற்கவில்லை. நெய்தலைக் கடந்துபோய், திரும்பி மருதத்தில் அல்லியின் வாசலில் வந்து முட்டுகிறது. கடல்வழிப் பிரிவில் தலைவியை உடன்கொண்டு போகும் வழக்கம் இல்லை என்றும் தொல்காப்பியம் விதிக்கிறது. ஆண் கப்பலேறுவான், பெண் கரையில் நிற்பாள்.

அந்த விதி எழுதப்பட்டு எத்தனையோ நூற்றாண்டுகள் கழித்து நாகப்பட்டினத்துத் துறையில் அதுவே நடந்தது. மலாயாத் தோட்டங்களுக்கு முதலில் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தனி ஆண்கள். பல ஊர்களில் மனைவி கரையில் நின்றாள். ஜொகூர்த் தோட்டத்து மேடையில் அருச்சுனன் கடல் தாண்டியபோது பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது புராணக் கதையாக மட்டும் இருந்திருக்க முடியுமா? தினைப்புனத்தை அவர்களில் பலர் கண்ணால் கண்டதில்லை. கப்பலைக் கண்டிருந்தார்கள்.

இரண்டு நாடகமும் ஒரே வாழ்க்கையில் வந்து கலந்த கதையையும் நம் மேடை பார்த்திருக்கிறது. 1920களின் நடுவில் கொழும்பில் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் ‘வள்ளி திருமண’த்தில் சேர்ந்து நடித்தார்கள். ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசி வரிசைக்கும் எட்ட ஐந்து கட்டைக்கு மேல் சுருதி வைத்துப் பாடிய குரல்கள் இரண்டும். மேடையில் அவர் முருகன், இவர் வள்ளி. மேடைக்கு வெளியே கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மணமாகியிருந்தது. 1927இல் இருவரும் மணந்துகொண்டார்கள். பிணக்கும் பிரிவும் வந்தன. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு இருபத்தேழு வயது. சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து. அன்று உடுத்திய வெள்ளையை அவர் 1980இல் இறக்கும் வரை மாற்றவில்லை. ஆண் நடிகரோடு சோடி சேர்ந்து நடிப்பதில்லை என்றும் உறுதி எடுத்தார். வள்ளியாகத் தொடங்கிய பெண் பவளக்கொடியின் கதைக்குள் போய், இரண்டிலும் எழுதப்படாத ஒரு முடிவைத் தானே எழுதிக்கொண்டார். அந்தப் பெண்ணின் குரலைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

என் தாத்தா தனியாகத்தான் முதலில் வந்தார். ஆறு வருடம் கழித்துப் பாட்டி நாகப்பட்டினத்தில் கப்பலேறினாள். அந்த ஆறு வருடத்தைப் பற்றி வீட்டில் யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. ஜொகூரில் தைப்பூசம் பொது விடுமுறை. அன்றைக்குப் பாட்டி விடியுமுன் குளித்து முருகன் கோயிலுக்குப் போய்விடுவாள். முருகன் முன்னால் நின்று அவள் கும்பிடுவது வள்ளியைப் பார்த்துத்தான் என்று அம்மா சொல்வாள்.

பவளக்கொடி ஆடிய அந்த இரவில், கல்யாணக் காட்சி முடிந்து கொஞ்ச நேரத்தில் பாட்டி திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாயில் வெற்றிலை. நான் அவள் முந்தானையை இழுத்துக் கேட்டேன்.

“பாட்டி, அந்தப் பவளக்கொடிகிட்ட யாராச்சும் சொல்லியிருக்கலாம்ல?”

“சும்மா இரு” என்றாள் பாட்டி. கண் மேடையை விட்டு அகலவில்லை. “அல்லி வரப்போறா. அவ பேசுறதக் கேளு.”

ஆர்மோனியத்தில் மெட்டு மாறியது.